ஊசியை மாத்தலையேண்ணே, அப்புறம் எப்படி?

மதுரையில் ஊசி மூலம் போதை எடுத்துக்கொள்பவர்களைத் தேடிப் போய்ப் பேசுவது, புது ஊசி கொடுத்துப் பழையதை வாங்கிவருவது என் வேலை. "இவனுகளுக்கு உயிர் மேல பயமே கிடையாது" என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்த்தவரை பயம் நிறையவே உண்டு. ஆனால் அவ்வளவும் எச்ஐவி மேல்தான்.

வைகைக் கரையில் ஒரு செட்டு. ஆளுக்கொரு சிரிஞ்ச் வைத்திருப்பார்கள். மாறிவிடக் கூடாதென்று ஒருவன் பிளேடால் கீறியிருப்பான், இன்னொருவன் நெயில் பாலிஷ் தொட்டு வைத்திருப்பான். எனக்கே ஆச்சரியம்தான். ஆனால் வலிமாத்திரையைப் பொடித்துக் கரைப்பது ஒரே தண்ணீர் பாட்டில் மூடியில். எல்லா ஊசியும் அதற்குள்ளேதான் போய் உறிஞ்சும், ஒரே டம்ளர் தண்ணீரில்தான் கழுவும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் பரவ அது போதும். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தத்திலும் இருக்கும், சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

அந்தச் செட்டில் ஒரு பையனுக்கு ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ் வந்தபோது, "ஊசிய மாத்தலையேண்ணே, அப்புறம் எப்படி?" என்றான். மூடியைக் காட்டினேன். "இத யாருமே சொல்லலையே!" என்று எகிறினான். நியாயம்தான். நான் பார்த்த சுவரொட்டிகளிலும் ஊசிப் படம் மட்டும்தான்.

இன்னொருவர் ஆட்டோக்காரர், வயதில் மூத்தவர். எச்ஐவி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி என்று தெரிந்ததிலிருந்து, அதைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறார். செட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஊசி பற்றாமல் ஒன்றையே பகிரும் நாளில் மட்டும், "சின்னப் பயலுக முதல்ல போடுங்கடா" என்று சொல்லிக் கடைசி ஆளாகத்தான் போடுவார். மற்றவர்களிடம் இருக்கும் கிருமி உங்களுக்கு வரும் என்று சொன்னால், "எனக்கு இனி என்னப்பா" என்பார். மருந்துக்கடையில் ஊசி கேட்டால் முறைக்கிறார்கள், சட்டைப்பையில் ஊசியோடு போலீசில் சிக்கினால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. பற்றாக்குறை அப்படித்தான் வருகிறது.

ஊசி போட்ட இடத்தில் வரும் சீழ்க்கட்டியை மட்டும் யாரும் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. மாத்திரையில் சேர்க்கும் டால்க் தூள் கரையாமல் ரத்தக்குழாயை அடைக்கும், கிருமி ரத்தத்தில் கலந்தால் இதய வால்வு வரைக்கும் போகும். ஆனாலும் மஞ்சள் பற்று, கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக், அதோடு சரி. தொடையிடுக்கில் கட்டியோடு ஒருவனை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டிரெஸ்ஸிங் அறையில் வாங்கிய வசவில் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டான்.

ஹெபடைட்டிஸ் சி வந்த அந்தப் பையன் பரவாயில்லை. ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குவது, பாசிட்டிவ் என்றாலே நோய் இப்போதும் இருக்கிறது என்று அர்த்தமில்லை, வைரஸ் அளவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதையும் பார்த்து, 2018ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையை 12 வாரம் முழுசாக முடித்தான். சரியாகிவிட்டது. "திரும்ப வருமாண்ணே?" என்றான். மறுபடி மூடியையோ ஊசியையோ பகிர்ந்தால் வரும், இதற்குத் தடுப்பூசியும் கிடையாது என்றேன்.

இப்போது ஊசியோடு ஆளுக்கொரு மூடியும் கேட்கிறார்கள். எங்கள் மாத ரிப்போர்ட்டில் ஊசிக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது. மூடியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அலுவலகத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை.