4 வீல் டிரைவ் கேம்பர் பிக்கப் வண்டில அடியில சத்தம், அவசரம், யாராச்சும் சொல்லுங்கண்ணே

மீன்வண்டி_தங்கச்சிமடம் (ஜூன் 18, இரவு 11.52)
வணக்கம்ணே. வண்டி அடியில இருந்து சத்தம் வருது. ஒரு மெக்கானிக் கிரவுன் பினியன் (பின் ஆக்சில் நடுவுல இருக்குற பல்சக்கரம்) போச்சுங்குறார். இன்னொருத்தர் கியர்பாக்ஸ் இறக்கணும்ங்குறார். ரெண்டு பேரு சொல்ற காசும் கையில இல்ல. விடியக்காலம் 3 மணிக்கு லோடு. ஓட்டலாமா வேணாமா? சீக்கிரம் சொல்லுங்க.

உச்சிப்புளி_ஸ்பேனர் (11.58)
எந்த வருச வண்டி தம்பி? டொக்குண்டு வருதா, ஊய்ங்குண்டு வருதா, கீச் கீச்சுண்டு வருதா? நேரா போறப்பவா, திருப்புறப்பவா? "அடியில சத்தம்"ண்டா எதச் சொல்றது, எஞ்சினத் தவிர எல்லாமே அடியிலதான் இருக்கு.

கீழக்கரை_காக்கா (ஜூன் 19, நள்ளிரவு 12.06)
வீல் பேரிங்தான் தம்பி, யோசிக்கவே வேணாம். ஜாக்கி போட்டுத் தூக்கி, டயர மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாரு. ஆட்டம் இருந்தா பேரிங். ஓட்டிட்டு வந்த உடனே நாலு ஹப்பையும் தொட்டுப் பாரு, எது மட்டும் சுடுதோ அதான் ஆளு.

உச்சிப்புளி_ஸ்பேனர் (12.09)
காக்கா, உங்களுக்கு எல்லா வண்டியிலயும் வீல் பேரிங்தான். போன மாசம் ஒருத்தருக்கு சைலன்ஸர் தகடு லூசா இருந்ததுக்கும் இதையேதான் சொன்னீங்க.

டார்க்_வேந்தன் (12.31)
இதே கேள்விக்குப் பல தடவை விளக்கமாக எழுதிவிட்டேன். யாரும் தேடிப் படிப்பதில்லை. தார் ரோட்டில் 4 வீல், அதாவது நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை, போட்டு ஓட்டியிருப்பீர்கள். பார்ட் டைம் 4 வீலில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் இழுவையை இரண்டுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் வீல் அதிக தூரம் ஓட வேண்டும். மணலில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடம் கிடையாது, முறுக்கு முழுக்க ஷாஃப்டிலும் கியரிலும் ஏறும். இது தெரியாதவர்கள் 4 வீல் வண்டி வாங்கக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து.

மீன்வண்டி_தங்கச்சிமடம் (காலை 9.40)
லோடு போயிட்டு வந்துட்டேன். 2006 கேம்பர். மீட்டர் ஓடல, கிலோமீட்டர் தெரியாது. மொத கியர் எடுக்குறப்பவும் ரிவர்ஸ் போடுறப்பவும் டொக்குண்டு ஒரு தடவ. மெதுவா போனா கீச் கீச். வேகம் கூடுனா லேசா ஊய்ங். 4 வீல் போடவே இல்ல சார்.

உச்சிப்புளி_ஸ்பேனர் (10.15)
இத நேத்தே சொல்லிருந்தா நேத்தே தூங்கிருப்போம்.

தம்பி, மூணு சத்தத்தையும் ஒண்ணாக் குழப்பிக்காத. கீச் கீச்ச மொதல்ல எடு. டயர் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள ஜாயின்ட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற தண்டு) ஏறக்குறைய நாலு சுத்து சுத்தும். ஆள் நடக்குற வேகத்துல ஜன்னலத் தெறந்து வச்சுக் கேளு. டயர் சுத்துக்கு ஒரு கீச்சுண்டா பிரேக், வீல் பக்கம். எலி கத்துற மாதிரி வேகமா வந்தா ஷாஃப்ட்.

அப்புறம் மேடுபள்ளம் இல்லாத இடத்துல நிறுத்தி, நாலு டயருக்கும் கல்லு குடுத்து, நியூட்ரல்ல போட்டுட்டு அடியில படு. ஷாஃப்ட ஒரு கையில, அதுக்கு அந்தப் பக்கம் இருக்குற நுகத்த, அதாவது கவட்டைய, ஒரு கையில புடிச்சு எதிரெதிராத் திருகு. ரெண்டையும் சேக்குற கிராஸ்ல மயிரிழை ஆட்டம் இருந்தாலும் கையில தெரியும். கிராஸ் கப்பச் சுத்தி செங்கல் பொடி மாதிரி செவப்பாத் தூள் ஒட்டியிருந்தா சந்தேகமே வேணாம். உள்ள கிரீஸ் செத்து, ஊசி பேரிங் துருப்பிடிச்சு அரைஞ்சு வெளிய தள்ளுற தூள் அது. மொத கியர்ல டொக்குண்டு விழுறதும் அந்த ஆட்டந்தான்.

ஊய்ங் வேற கதை. ஆக்சிலேட்டர் மிதிச்சா கூடி, விட்டா சத்தம் மாறுச்சுண்டா கிரவுன் பினியன் பக்கம். வண்டிய லேசா இடம் வலம் ஆட்டுறப்ப மாறுனா காக்கா சொன்ன பேரிங்.

ஒண்ணு கேக்கணும். வண்டி ரொம்ப நாள் நின்னுச்சா? தண்ணில எறங்குச்சா?

வத்தைக்காரன் (10.52)
தம்பி சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாளும் இந்த வண்டி கரையோரம் உப்புக் காத்துலதான் நின்னுச்சு. எடுத்த அன்னைக்கே ஒரு ஃபைபர் வள்ளத்த இழுத்தாரு. பின் ஹவுசிங் (பின் ஆக்சில் நடு உருண்டை) முங்குற அளவுக்கு ரிவர்ஸ்ல கடல்ல எறக்குனாரு. கூட நின்னு கயிறு கட்டுனதே நாந்தான்.

மீன்வண்டி_தங்கச்சிமடம் (11.03)
ஒரு தடவதாண்ணே. அப்ப மட்டுந்தான் 4 வீல் போட்டேன்.

டார்க்_வேந்தன் (11.10)
"போடவே இல்ல சார்."

உச்சிப்புளி_ஸ்பேனர் (11.21)
வேந்தன் சார், ஒரு தடவ மணல்ல போட்டதுக்கு இந்த டொக் வராது. உப்புக் காத்தும் தண்ணியும்தான் கிராஸத் தின்னுருக்கும். அதோட ஹவுசிங்கயும் பாக்கணும். ஓடிச் சூடான ஹவுசிங்க கடல்ல முக்குனா உள்ள இருக்குற காத்து குளுந்து சுருங்கும். பிரீதர்ல (ஹவுசிங்குக்குக் காத்து போய் வர்ற ஓட்டை) மண்ணு அடைச்சிருந்தா சீல் வழியா உப்புத்தண்ணிய உறிஞ்சிரும். ஆயில் லெவல் போல்ட்டக் கழட்டி விரல விட்டுப் பாரு தம்பி. டீக்கடைப் பால் மாதிரி வந்தா அன்னைக்கே அந்த ஆயில எறக்கிட்டு மாத்து. அதோட ஒரு நாளும் லோடு போகாத.

டார்க்_வேந்தன் (11.34)
ஊற்றும்போது ஹவுசிங்குக்கு ஜி.எல்.5 தொண்ணூறு கியர் ஆயில். அதையே கியர்பாக்ஸுக்கும் ஊற்றிவிட வேண்டாம், சிலதில் கியர் மாற உதவும் பித்தளை சின்க்ரோ ரிங்கை அது அரிக்கும். கம்பெனி கையேட்டைப் பார்க்கவும். படிக்கும் பழக்கம் இருந்தால்.

பரமக்குடி_பயணி (11.50)
இதுக்குத்தான் தடைக்காலத்துக்கு முன்னாடி அடியில கழிவு ஆயில் அடிக்கணும்ங்குறது. எங்க அப்பா காலத்துல இருந்து அதான், ஒரு துரு கிடையாது.

கீழக்கரை_காக்கா (11.57)
கழிவு ஆயில் புஷ், ரப்பர் உறை எல்லா ரப்பரையும் ஊற வச்சு வெடிக்க வச்சிரும் தம்பி. மண்ணும் அதுலயே ஒட்டும். கடல்ல எறக்குனா அன்னைக்கே நல்ல தண்ணில கழுவணும், அவ்வளவுதான்.

பரமக்குடி_பயணி (12.03)
காக்கா, ராம்நாட்ல இருந்துக்கிட்டா இதச் சொல்றீங்க? குடிக்குற தண்ணியவே குடம் காசு குடுத்து வாங்குறோம். அத ஹவுசிங்குக்கு ஊத்துனா வீட்டுக்காரி நம்மளத்தான் கடல்ல எறக்குவா.

வத்தைக்காரன் (12.09)
எங்க தெருவுல குழாய்ல வர்றதே ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதுவும் உப்பு.

கீழக்கரை_காக்கா (12.15)
கழுவ நாலு குடம் போதும். கிராஸ் செட்டு என்ன விலைண்டு கேட்டுட்டு வந்து பேசு.

பரமக்குடி_பயணி (12.22)
தனுஷ்கோடிக்கு ரோடு போடுறதுக்கு முன்னாடி, 2017க்கு முந்தி, முகுந்தராயர் சத்திரத்துல இருந்து மணல்லயும் தண்ணிலயும் வேன் ஓட்டுனவங்கல்லாம் நல்ல தண்ணிலயா கழுவுனாங்க?

வத்தைக்காரன் (12.30)
கழுவல. அந்த வண்டியெல்லாம் இப்ப எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்.

உச்சிப்புளி_ஸ்பேனர் (12.41)
தண்ணிப் பஞ்சாயத்த அப்புறம் வச்சுக்கங்கப்பா. தம்பி, கிராஸ் மாத்துறப்ப ஒண்ணு. ஷாஃப்டக் கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்லிப் ஜாயின்ட்ல (ஷாஃப்ட் நீண்டு சுருங்குற இடம்) ரெண்டு பக்கமும் சேந்தாப்புல ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்க. ரெண்டு முனை நுகமும் ஒரே நேரா உக்காரணும். ஒரு பல்லு தள்ளி மாட்டுனா 60ல ஸ்டியரிங்கும் சீட்டும் சேந்து நடுங்கும், அப்புறம் அதுக்கு இங்க புதுசா ஒரு கேள்வி போடுவ. நிப்பிள்ல கிரீஸ் அடிக்கிறப்ப நாலு கப்புலயும் பழசு வெளிய வர்ற வரைக்கும் அடி.

மீன்வண்டி_தங்கச்சிமடம் (ஜூன் 23, மாலை 6.18)
கிராஸ்தாண்ணே, செவப்புத் தூள் இருந்துச்சு. மாத்தியாச்சு. ஆயிலும் பால் மாதிரிதான் வந்துச்சு, மாத்தியாச்சு. டொக்கும் கீச்சும் போச்சு. ஊய்ங் இன்னும் இருக்கு, பரவால்ல ஓடுது. நன்றிண்ணே.

உச்சிப்புளி_ஸ்பேனர் (6.25)
எந்த கிராஸ், கியர்பாக்ஸ் பக்கமா ஹவுசிங் பக்கமா? ஊய்ங் மிதிச்சாலா, விட்டாலா?

கீழக்கரை_காக்கா (ஜூன் 26)
ஊய்ங் வீல் பேரிங்தான் தம்பி.

உச்சிப்புளி_ஸ்பேனர் (ஜூலை 2)
தம்பி?