பேலட் பலகையை அடுப்பில் எரிக்கலாமா?

வணக்கம். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் இருக்கிறோம். மீன் கம்பெனி ஒன்றில் சரக்கு அடுக்கி வைக்கிற உடைந்த மரப் பேலட்டுகளைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வீட்டில் அம்மா சமைப்பது விறகடுப்பில். சீமைக்கருவேலம் நின்று எரியும், ஆனால் பற்றவைக்கச் சுள்ளி வேண்டும். பேலட் சிராய் சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

கவலையெல்லாம் புகைதான். அம்மாவுக்கு ஏற்கெனவே இருமல். ஏற்றுமதிப் பேலட்டில் கோதுமைக்கதிர் முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்றால் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்கிற பூச்சிகொல்லி நச்சுவாயுவால் புகையூட்டியது. எம்.பி.யை வாசலிலேயே விட்டுவிடுவேன். உப்புத்தண்ணீர் ஊறியதும் வேண்டாம், அந்தப் புகையில் டையாக்சின் என்கிற நச்சு வரும். ஆனால் பாதிக்கு மேல் முத்திரையே இல்லாதவை. அதில் மருந்தடித்த பலகையை எப்படிக் கண்டுபிடிப்பது? நிறம், வாடை ஏதாவது காட்டிக்கொடுக்குமா?

அப்புறம் ஆணி. கடப்பாரை போட்டு நெம்பினால் பலகை பிளந்துபோகிறது. ஆணியோடு எரித்தால் சாம்பலைத் தென்னைக்குப் போட முடியாது, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம். சாம்பலில் காந்தம் விட்டு எடுத்துப் பார்த்தவர்கள் உண்டா?

பேலட் அடிக்கிற தச்சு வேலை தெரிந்த அண்ணன்மார் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.