கோவையில் 300 பேருக்கு ஒரு நாள் தொழில் மாநாடு: நேரத்துக்கு நடத்த என்ன செய்ய வேண்டும்?

பீளமேடு_பம்ப் கேட்டது:

வணக்கம். பம்ப், மோட்டார், உதிரிபாகம் தயாரிக்கும் சிறு, குறு நிறுவனங்களின் சங்கம் எங்களுடையது. முதல் முறையாக ஒரு நாள் மாநாடு நடத்த செயற்குழு முடிவெடுத்து, ஏற்பாட்டை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. 300 பேரை எதிர்பார்க்கிறோம். கால்வாசிப் பேர் சென்னை, மதுரை, ராஜ்கோட் என்று வெளியூரிலிருந்து வருபவர்கள். ஐ.இ.3, ஐ.இ.4 மோட்டார் திறன் விதிகள், சோலார் பம்ப், ஏற்றுமதிக்கான தரச்சான்று, ஆள் பற்றாக்குறை ஆகியவைதான் தலைப்புகள். தலைக்கு 1,500 ரூபாய் கட்டணம், மீதிக்கு ஸ்பான்சர்.

அவிநாசி ரோட்டில் இரண்டு ஹோட்டல் பார்த்தோம். ஒரு ஹாலில் 500 பேர் உட்காரலாம் என்கிறார்கள்; பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தேதி ஆடியிலா ஆவணியிலா என்று குழுவில் இழுபறி. தொடக்க விழாவுக்கு அமைச்சரைக் கூப்பிட வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் விரும்புகிறார்கள். பத்து மணி நிகழ்ச்சி பதினொன்றேகாலுக்குத் தொடங்குவதும், சாப்பிட்டதும் பாதி நாற்காலி காலியாவதும் இங்கே வாடிக்கையாகிவிட்டது. அது நடக்கக் கூடாது என்பதுதான் என் முக்கியமான கவலை. அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நிரல்_கோவை:

வணக்கம் சார். ஹால், சாப்பாடு எல்லாம் அப்புறம் பார்க்கலாம். தொடக்க விழாவை எத்தனை மணிக்கு வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். மதியம் நாற்காலி காலியாவதற்கான காரணம் காலையில்தான் இருக்கிறது.

விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, நான்கைந்து வாழ்த்துரை, மலர் வெளியீடு, நன்றியுரை. அழைப்பிதழில் இதற்கு 45 நிமிடம் போடுவார்கள். மேடையில் ஒன்றரை மணி நேரம் ஆகும். பொன்னாடை, நினைவுப்பரிசு நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. பெயர் சொல்லி அழைத்து, அவர் எழுந்து வந்து, போர்த்தி, போட்டோவுக்கு நின்று திரும்ப இரண்டு நிமிடம். பத்துப் பேருக்கு இருபது நிமிடம் அதிலேயே போய்விடும். அந்த நேரமெல்லாம் முதல் அமர்விலிருந்து கழியும். சாப்பாடு இரண்டேகாலுக்குத் தள்ளிப்போகும். மூன்று மணிக்குச் சாப்பிட்டு முடித்தவர் நேரே வண்டி எடுத்துக் கிளம்பிவிடுவார்.

அமைச்சர் வருவதாக இருந்தால் தொடக்க விழாவை 11:45க்கு வையுங்கள். 9:30க்கு யாருக்கும் காத்திருக்காமல் முதல் அமர்வு தொடங்கட்டும். எல்லோருக்கும் தேவைப்படும் ஐ.இ.4 தலைப்பை அங்கே போடுங்கள், கூட்டம் நேரத்துக்கு வரும். 10:40க்குத் தேநீர். 11:05க்கு ஆள் பற்றாக்குறை பற்றிய குழு விவாதம். குழு விவாதம் என்றால் எந்த இடத்திலும் நிறுத்தலாம், இன்னும் அரைமணி நீட்டவும் செய்யலாம். விருந்தினர் 11:20க்கு வந்தாலும் 12:15க்கு வந்தாலும் மேடை வெறுமனே இருக்காது. விழா முடிந்ததும் நேரே சாப்பாடு. மதியம் 1:45க்கு சோலார் பம்ப், தேநீருக்குப் பின் ஏற்றுமதி, 5 மணிக்கு முடிவு.

மதியக் கூட்டத்தைப் பிடித்து வைக்க ஒரு வழி உண்டு. ஏற்றுமதியாளர்கள், பெரிய டீலர்கள் எட்டு பத்துப் பேரோடு உறுப்பினர்களுக்கு 15 நிமிடச் சந்திப்பு ஏற்பாடு செய்யுங்கள். பதிவுப் படிவத்திலேயே யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, நேரம் ஒதுக்கி, முந்தின நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். 4:15க்குச் சந்திப்பு இருப்பவர் 3 மணிக்குப் போக மாட்டார்.

தேதி விஷயத்தில் என் கருத்து ஆடிதான். கல்யாணம் இல்லாததால் ஹால், கேட்டரிங், அலங்காரம் எல்லாமே பேரம் பேசும் நிலையில் கிடைக்கும். ஆவணி முகூர்த்த நாள் என்றால் அதே ஹாலில் மாலை ரிசப்ஷனுக்காக 4 மணிக்கே உங்களைக் காலி செய்யச் சொல்வார்கள். "ஆடியில் எதுவும் தொடங்கக் கூடாது" என்று யாராவது சொன்னால், இது புதுத் தொழில் தொடங்குவதில்லை, கலந்து பேசுவதுதான் என்று எடுத்துச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பட்டறைகள் பலவற்றில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. அன்று முதலாளி மதியமே கிளம்பிவிடுவார். அதனால் வியாழன் அல்லது வெள்ளி. 11, 20 தேதிகளை ஒட்டியும் வேண்டாம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் வேலையில் இருப்பார்கள்.

ஹால் கணக்கு: வரிசை நாற்காலி என்றால் ஒருவருக்கு 8 முதல் 10 சதுர அடி, வட்ட மேஜை என்றால் 14, 15. ஹோட்டல்காரர் சொல்லும் 500, மேடையும் திரையும் நடைபாதையும் இல்லாத வெறும் ஹாலுக்கு. உங்களுக்கு வரிசை நாற்காலிக்கே 4,000 சதுர அடியாவது வேண்டும். தேநீருக்கும் ஸ்டாலுக்கும் ஹாலுக்கு வெளியே தனி இடம் இருக்க வேண்டும். ஹாலுக்குள்ளேயே தேநீர் வைத்தால் பேச்சாளருக்கு டம்ளர் சத்தம்தான் கேட்கும்.

பதிவு மேஜை: 300 பேரில் 200 பேர் கடைசி அரைமணியில்தான் வருவார்கள். நிமிடத்துக்கு ஏழு பேர். அச்சடித்த பேட்ஜைத் தேடி எடுத்துக் கொடுக்க ஒருவருக்கு 30 விநாடி. ஆக நான்கு கவுன்ட்டர். நிறுவனப் பெயர்ப்படி அடுக்காதீர்கள், ஆள் பெயரின் முதல் எழுத்துப்படி அடுக்குங்கள். பணம் கட்டாதவர், பெயர் விட்டுப்போனவருக்கு ஐந்தாவது மேஜை தள்ளி இருக்கட்டும். ஒரே ஒருவருடைய ரசீதுப் பிரச்சினை முழு வரிசையையும் நிறுத்திவிடும்.

ஒலிஒளி_சிங்காநல்லூர்:

ஹால் பார்க்கப் போறப்ப டேப் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க சார். எல்.இ.டி. திரையோட அடிவிளிம்பு தரையிலிருந்து நாலரை அடி இருக்கணும், இல்லாட்டி பின்வரிசைக்கு முன்னாடி இருக்கிறவங்க தலைதான் தெரியும். மேல எட்டடித் திரை. மொத்தம் பன்னிரண்டரை அடி. நிறைய ஹோட்டல்ல கூரை 14 அடி இருக்கும், ஆனா சரவிளக்கு 11 அடிக்குத் தொங்கும். இதை முன்கூட்டியே அளக்காம விட்டா மாநாட்டுக்கு முந்தின ராத்திரிதான் தெரியும்.

14க்கு 8 அடித் திரை 300 பேருக்குப் போதும், 16:9 விகிதத்துக்கும் கிட்டத்தட்ட சரியா வரும். பி3 பேனல், அதாவது புள்ளிகளுக்கு இடையில 3 மில்லிமீட்டர் இருக்கிறது, கேளுங்க. புள்ளி இடைவெளி எத்தனை மில்லிமீட்டரோ, முதல் வரிசை அத்தனை மீட்டராவது தள்ளி இருக்கணும்னு ஒரு கணக்கு. உங்க பேச்சாளர்கள் எஃபிஷியன்சி கர்வ், அட்டவணை எல்லாம் காட்டுவாங்க. ஸ்லைடுல 28 பாயின்டுக்குக் கீழ எழுத்து வேண்டாம்னு மெயில்லயே எழுதிடுங்க.

தமிழ் ஸ்லைடு இருந்தா கவனம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்சிருந்தா, அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்புல ஆங்கில எழுத்தும் குறியுமா வரும். யூனிகோடுலதான் வேணும்னு சொல்லுங்க, கூடவே பி.டி.எஃப். ஒண்ணும் வாங்கி வெச்சுக்குங்க. வீடியோ இருந்தா தனி ஃபைலா வாங்குங்க. இணையத்துல இருந்து ஓட்டுறதை நம்ப வேண்டாம். எல்லா ஸ்லைடும் முந்தின நாள் மாலை 5 மணிக்குள்ள ஒரே லேப்டாப்புல ஏறணும். பேச்சாளருக்குப் பேச்சாளர் லேப்டாப் மாத்தினா ஒவ்வொரு தடவையும் மூணு நாலு நிமிஷம் போயிரும்.

லேப்டாப்புல இருந்து திரைக்கு 15 மீட்டருக்கு மேல சாதா எச்.டி.எம்.ஐ. கேபிள் இழுத்தா படம் விட்டு விட்டு வரும். நீளமா இழுத்தாலும் தாங்குற எஸ்.டி.ஐ. கேபிளோ ஃபைபர் எச்.டி.எம்.ஐ.யோ கேளுங்க.

மைக்: போடியத்துல ஒண்ணு, கார்ட்லெஸ் கைமைக் ஆறு. அதுல ரெண்டு பார்வையாளர் கேள்விக்கு. சட்டையில மாட்டற லேப்பல் மைக் ரெண்டு போதும், அதையும் மேடை மரியாதை இருக்கிறவருக்கு மாட்டாதீங்க. பொன்னாடை போர்த்தினதும் மைக்கை மூடிக்கும், அவர் அசையறப்பெல்லாம் சரக் சரக்னு ஸ்பீக்கர்ல வரும். பேட்டரி தீர்ற வரைக்கும் காத்திருக்காம சாப்பாட்டு இடைவேளையில எல்லாத்துலயும் புதுசு மாத்திடணும்.

கரன்ட்: ஹோட்டல் ஜெனரேட்டர் ஹால் ஏ.சி.யையும் சேர்த்துத் தாங்குமான்னு எழுத்துல வாங்குங்க. கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்க 10, 15 விநாடிதான் ஆகும். ஆனா திரையோட புராசஸரும் டிஜிட்டல் மிக்ஸரும் அணைஞ்சு திரும்ப வர ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். அதுக்கு ரெண்டுக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்து ஒரு யு.பி.எஸ். போடச் சொல்லுங்க. எல்.இ.டி. சுவரையே யு.பி.எஸ்.ல போட வேண்டியதில்லை.

குத்துவிளக்கு ஏ.சி. காத்துல நிக்காது. மேடைக்கு நேர் மேல இருக்கிற ஏ.சி. துவாரத்தை அந்த அஞ்சு நிமிஷத்துக்கு அடைக்கச் சொல்லுங்க. திரியை முந்தியே எண்ணெயில நனைச்சு, நுனியில கொஞ்சம் கற்பூரம் வெச்சா உடனே பத்தும். கூரையில புகை உணர் கருவி இருந்தா ஹோட்டல் பொறியாளருக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துடுங்க.

பந்தி_மேற்பார்வை:

சாப்பாட்டுப் பகுதி என்னோடது.

வாழை இலை போடலாம்னு குழுவுல யாராவது கேப்பாங்க. நூறு பேர் பந்தி ஒண்ணுக்கு 25, 30 நிமிஷம்; மூணு பந்தின்னா ஒன்றரை மணி நேரம். உங்க நிரலுக்கு ஆகாது. பஃபே தாங்க சரி. ரெண்டு பக்கமும் எடுக்கிற மாதிரி மூணு மேஜை வரிசை. ஆறு பக்கம், பக்கத்துக்கு 50 பேர். நிமிஷத்துக்கு நாலு பேர் எடுத்தாலும் கால் மணியில எல்லார் கையிலயும் தட்டு இருக்கும். தயிர் சாதம், இனிப்பு, தண்ணி மூணையும் தனி மேஜைக்குத் தள்ளுங்க. தயிர் சாதத்துக்குத் திரும்ப வர்றவங்கதான் வரிசையை அடைப்பாங்க. சுடச்சுட தோசைக் கவுன்ட்டர் வேண்டவே வேண்டாம், அங்க நிக்கற முப்பது பேர் அடுத்த அமர்வுக்குத் தாமதமா வருவாங்க.

எண்ணிக்கை: பணம் கட்டினவங்கள்லயே பத்துல ஒருத்தர் வரமாட்டார். இலவசமா கூப்பிட்டவங்கள்ல பாதிப் பேர் வந்தா பெருசு. ஹோட்டலுக்குக் குறைந்தபட்ச உறுதியா 260 சொல்லுங்க, 300 வரைக்கும் அதே விலையில பரிமாறணும்னு ஒப்பந்தத்துல எழுதுங்க. பேச்சாளர், தன்னார்வலர், ஸ்டால்காரங்க, டிரைவர்கள்னு ஒரு 40 பேர் இந்தக் கணக்குக்கு வெளியே இருப்பாங்க, மறந்துடாதீங்க. டிரைவர்களுக்குப் பகல் 12 மணிக்கே தனியா போட்டுடுங்க.

வெளிக் கேட்டரிங்னா எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) உரிமம் பாத்து எடுங்க. அரிசி எல்லாச் சாதமும் சேர்த்து ஆளுக்கு 120 கிராம், 300 பேருக்கு 36 கிலோ. ரெண்டு தேநீர் இடைவேளைக்கும் தலா 350 கப், நூறு மில்லி கப்பு. ஒரு லிட்டர் பாலுக்கு 12, 14 கப் வரும், அப்ப ஒரு இடைவேளைக்குப் பால் 25 முதல் 29 லிட்டர். நம்ம ஊர்ல காலையில காபிதான் முதல்ல தீரும், பாதிக்கு மேல காபியா போடச் சொல்லுங்க. சர்க்கரை இல்லாதது தனி பிளாஸ்க்குல, பெரிய எழுத்துல பேர் ஒட்டி. நாலு இடத்துல பிரிச்சு வைங்க, ஒரே இடத்துல வெச்சா 25 நிமிஷத்துல முடியாது.

பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுல தடை. ஸ்டீல் டம்ளரோ பீங்கானோ கேளுங்க.

வெளியூர்க்காரங்க விஷயம் ஒண்ணு. சேரன், நீலகிரி எக்ஸ்பிரஸ்ல வர்றவங்க விடியக்காலையிலயே இறங்கிடுவாங்க. குளிச்சு உடை மாத்த ஆணுக்கு ரெண்டு, பெண்ணுக்கு ஒண்ணுன்னு மூணு ரூம் போட்டு, ஏழரைக்கே காபி வெச்சிடுங்க. இதைச் செஞ்சாலே முதல் அமர்வுக்கு எழுபது பேர் உறுதி.

பீளமேடு_பம்ப்:

மூவருக்கும் மிக்க நன்றிங்க. தொடக்க விழாவை 11:45க்கு மாற்றக் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். மேடையில் 11 பேர் உட்கார வேண்டும் என்கிறார்கள், எப்படிக் குறைப்பது? ஸ்பான்சர் பணத்துக்கு ஜி.எஸ்.டி. யார் கட்டுவது?

நிரல்_கோவை:

மூத்தவர்கள் மனம் நோகாமல் குறைக்கலாம் சார். மேடையில் ஐந்து நாற்காலி: தலைவர், செயலாளர், அமைச்சர், சிறப்புரை ஆற்றுபவர், முதன்மை ஸ்பான்சர். முன்னாள் தலைவர்களுக்கு முதல் வரிசையில் பெயர் அட்டையோடு சோபா போடுங்கள். விருந்தினர் மேடையேறும் முன்பே, 9:25க்கு, தலைவர் கீழே இறங்கி வந்து அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தட்டும். மரியாதையும் கிடைக்கும், விழா நேரமும் மிச்சம். பேசுபவர்களுக்கு எதிரே தரையில் ஒரு டி.வி.யை வைத்து நேரத்தைத் தலைகீழாக ஓட விடுங்கள். தொகுப்பாளர் துண்டுச்சீட்டு கொடுப்பதை யாரும் பார்ப்பதில்லை, சிவப்பில் ஓடும் எண்ணைப் பார்ப்பார்கள்.

வரவுசெலவு_64:

ஸ்பான்சர் விஷயம் சங்கத்தின் வடிவத்தைப் பொறுத்தது. கம்பெனியாகப் பதிவான அமைப்பு என்றால் 2025 ஜனவரி 16 முதல் நீங்களே 18% போட்டு இன்வாய்ஸ் கொடுக்க வேண்டும். சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவான சொசைட்டி என்றால், ஸ்பான்சர் செய்யும் கம்பெனியோ பார்ட்னர்ஷிப் நிறுவனமோ ரிவர்ஸ் சார்ஜில், அதாவது உங்களுக்குப் பதில் தானே நேரடியாக அரசுக்கு, வரி கட்டும். எதுவானாலும் ஸ்பான்சர் கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பிறகு வரித் தொகைக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டாம்.

நுழைவுக் கட்டணத்தை "1,500 + ஜி.எஸ்.டி." என்று போட்டு, படிவத்தில் ஜி.எஸ்.டி. எண் கேளுங்கள். உறுப்பினர்கள் அந்த வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து கிரெடிட் எடுத்துக்கொள்வார்கள். ஹோட்டல் சாப்பாட்டு வரி 5 சதவீதமா 18 சதவீதமா என்று கொட்டேஷனிலேயே கேளுங்கள். முந்தைய நிதியாண்டில் 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கிய ஹோட்டலில் 18. இரண்டு ஹோட்டலையும் வரி சேர்த்த தொகையில்தான் ஒப்பிட வேண்டும்.

ஸ்பான்சர் தொகையில் பாதி கையெழுத்தானதும், மீதி மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பு. மாநாடு முடிந்தபின் வர வேண்டிய பணம் மெதுவாகத்தான் வரும், ஹோட்டலோ அன்று மாலையே பில்லை நீட்டும். ஸ்டால்களுக்கு நடுவில் தேநீர் மேஜைகளைப் போட்டால் அங்கே ஆள் நடமாட்டம் தானாக இருக்கும். அடுத்த முறை ஸ்பான்சர் கேட்கும்போது அதைச் சொல்லியே கேட்கலாம். பாட்டு ஏதாவது ஒலிபரப்புவதாக இருந்தால் பாடல் பதிப்புரிமை அமைப்புகளான பி.பி.எல்., ஐ.பி.ஆர்.எஸ். தரும் உரிமம் யார் பொறுப்பு என்று ஹோட்டலிடம் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். இடைவேளையில் பாட்டே வேண்டாம் என்பது என் யோசனை, அந்த நேரத்தில் பேசத்தானே எல்லோரும் வருகிறார்கள்.