சாய்ந்த கடைவாய்ப்பல்லை வைத்து பிரிட்ஜ் கட்டலாமா?

பெரம்பூர்_மகள்

அம்மாவுக்கு 58 வயது. கீழ்த்தாடையில் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல்லை (36) எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டோம். இப்போது பின்னால் இருக்கும் 37 முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதில் முன்பே ரூட் கேனால் செய்து அடைத்திருக்கிறார்கள், கேப் போடவில்லை. முன்னால் இருக்கும் 35 சொத்தையே இல்லாத நல்ல பல். மேலே இருக்கும் 26 கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. சர்க்கரை உண்டு, மூன்று மாதச் சராசரி 7.1.

வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் மெட்டல் செராமிக் (உள்ளே உலோகம், மேலே பீங்கான்) பிரிட்ஜ் 3 யூனிட் என்றார்கள், அதாவது 35, 37 இரண்டையும் ராவி கேப் போட்டு, நடுவில் ஒரு பொய்ப்பல்லைச் சேர்த்துப் பிணைப்பது. அண்ணா நகரில் ஜிர்கோனியாதான் (உலோகம் இல்லாத வெள்ளைப் பீங்கான்) போடணும் என்றார்கள். மூன்றாவது இடத்தில் இம்பிளாண்ட் (எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் வைப்பது). விலை ஒரு பக்கம் இருக்கட்டும், எது நிலைக்கும்? நல்லா இருக்கிற 35ஐப் போய் ராவணுமே என்று மனசு கேட்கவில்லை.

பல்கட்டு_டாக்டர்

மெட்டலா ஜிர்கோனியாவா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் 37 தாங்குமா என்று தெரிய வேண்டும்.

அந்தப் பல்லுக்கு மட்டும் ஒரு சின்ன எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ரூட் கேனால் அடைப்பு வேர் நுனிக்கு 2 மி.மீ.க்குள் வந்திருக்கிறதா, நுனியில் கருப்பாக வட்டம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே நிற்கும் பல்லின் நீளம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு வேராவது எலும்புக்குள் இருக்க வேண்டும். பிறகு பழைய அடைப்பையும் அடியில் உள்ள சொத்தையையும் முழுக்க எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும். ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மி.மீ. உயரத்துக்குச் சொந்தப் பல் சுவர் இருந்தால் கேப் அதை வளையம்போல இறுக்கிப் பிடிக்கும். அந்தச் சுவர் இல்லாமல் போஸ்ட் (வேருக்குள் நடும் கம்பி) வைத்து எழுப்பிய பல்லை பிரிட்ஜின் கடைசித் தூணாக வைத்தால், மெல்லும் பாரத்தில் வேர் பிளந்துவிடும். அப்புறம் பிரிட்ஜும் போகும், பல்லும் போகும்.

அடுத்தது சாய்வு. பிரிட்ஜ் ஒரே துண்டு. இரண்டு பல்லிலும் ஒரே திசையில் இறங்க வேண்டும். 37 சாய்ந்திருப்பதால் அதன் முன்பக்கச் சுவரை அதிகமாக ராவ வேண்டிவரும், இல்லாவிட்டால் 35ஐ நரம்பு வரைக்கும் ராவ நேரும். ஏறக்குறைய 25 டிகிரி வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் சாய்ந்திருந்தால், முதலில் கம்பி போட்டுச் சில மாதத்தில் பல்லை நிமிர்த்த வேண்டும், அல்லது சாவியும் பள்ளமுமாகப் பொருந்தும் இரண்டு துண்டு பிரிட்ஜ் செய்ய வேண்டும்.

26ஐயும் விடாதீர்கள். அது இறங்கியிருக்கும் நிலையிலேயே அளவு எடுத்தால் கீழே வரும் பல் குட்டையாகத்தான் வரும். அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை என்றால் 26ஐ ராவி பாலிஷ் செய்தாலே போதும். அதை அளவு எடுப்பதற்கு முன்பே முடிக்க வேண்டும்.

35 பற்றி நீங்கள் கவலைப்படுவது சரிதான். மெட்டல் செராமிக் என்றால் மேல்புறம் 1.5 முதல் 2 மி.மீ., கன்னப்பக்கம் 1.2 முதல் 1.5 மி.மீ. ராவ வேண்டும். மேலே போர்சலின் பூசாத முழு ஜிர்கோனியாவுக்கு மேல்புறம் 1 முதல் 1.5 மி.மீ., பக்கவாட்டில் 0.5 முதல் 1 மி.மீ. இருந்தால் போதும். ஜிர்கோனியாவின் உண்மையான லாபம் இதுதான், வெள்ளை நிறம் இரண்டாம்பட்சம்.

இம்பிளாண்ட் என்றால் 35ஐத் தொடவே வேண்டாம். 7.1 சர்க்கரை அதற்குத் தடையில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் எலும்பு மெலிந்திருக்கும். அதனால் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் அகலத்தையும், கீழே ஓடும் நரம்புக் குழாய்க்கு மேல் 2 மி.மீ. இடைவெளி கிடைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். எலும்பு போதுமானால் 36க்கு இம்பிளாண்ட், 37க்குத் தனியாக ஒரு கேப் என்பதே என் கருத்து. ரூட் கேனால் செய்த கடைவாய்ப்பல்லுக்கு எப்படியும் கேப் வேண்டும். எலும்பு போதாமல், 37 சுவரும் சாய்வும் சரியாக இருந்தால் பிரிட்ஜுக்குப் போகலாம்.

37 வேண்டாம், 35, அதற்கு முன்னால் உள்ள 34 இரண்டிலும் கேப் போட்டு 36ஐத் தொங்கவிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடைவாய்ப்பல் வாங்கும் பாரம் நெம்புகோல்போல அந்த இரண்டு பல்லையும் ஆட்டிவிடும்.

லேப்_பெஞ்ச்

டாக்டர் சொன்னதோடு லேப் பக்கத்து விஷயம் கொஞ்சம் சேர்க்கிறேன் மேடம்.

பிரிட்ஜ் உடைவது பெரும்பாலும் பல்லில் இல்லை, பல்லும் பல்லும் சேரும் இணைப்பில்தான். கடைவாயில் 3 யூனிட் ஜிர்கோனியாவுக்கு அந்த இணைப்பு 9 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. அகலத்தைவிட உயரம்தான் முக்கியம். உயரம் பாதியானால் வளைவதைத் தாங்கும் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். 26ஐ ராவாமல் அளவு அனுப்பினால் எங்களுக்கு உயரமே கிடைக்காது, இணைப்பு வத்தலாகத்தான் வரும். ஜிர்கோனியாவிலும் ரகம் உண்டு. கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் 5ஒய் ரகத்துக்கு பலம் குறைவு, முன்பல்லுக்கு அழகு. கடைவாய் பிரிட்ஜுக்குப் பலம் அதிகமுள்ள 3ஒய் ரகம் என்று லேபுக்கு அனுப்பும் சீட்டில் எழுதச் சொல்லுங்க.

அளவு எடுப்பதில்தான் எல்லாம் இருக்கு. ராவிய பல்லின் விளிம்பு ஈறை ஒட்டி இருக்கும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்லிய நூலைச் செருகிச் சில நிமிடம் விட்டு, நூலை எடுத்ததும் ரத்தமோ எச்சிலோ இல்லாத நேரத்தில் லைட் பாடி என்ற இளகலான அச்சு சிலிகானைச் சுற்றி விட வேண்டும். அந்த விளிம்பில் கடுகளவு குமிழி விழுந்தாலும், நாங்கள் அங்கே கோட்டை ஊகித்துத்தான் போடணும். ஊகித்த இடம் வாயில் இடைவெளியாக நிற்கும், சிமென்ட் கரையும், சொத்தை புகும். லேட்டெக்ஸ் கையுறையோடு புட்டி என்ற கெட்டியான அச்சு சிலிகானைப் பிசைந்தால் அதிலுள்ள கந்தகத்தால் மேல்பரப்பு இறுகாமல் பிசுபிசுன்னு நிற்கும். அல்ஜினேட் (தண்ணீரில் கலக்கும் அச்சுப் பொடி) எதிர்ப்பக்கப் பல்லுக்கு மட்டும் சரி. பிரிட்ஜுக்கு அதிலேயே அளவு எடுத்தால், சீக்கிரம் காய்ந்து சுருங்கிவிடும், வேண்டாம்னு சொல்லுங்க.

மெட்டல் பக்கம் போனால் ஒன்று கேளுங்க: அம்மாவுக்கு கவரிங் நகை போட்டால் அரிப்பு வருமா? வரும்னா நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். நிக்கல் குரோம் வேண்டாம், கோபால்ட் குரோம் கேளுங்க.

பெரம்பூர்_மகள்

கவரிங் தோடு போட்டால் அம்மாவுக்குக் காது புண்ணாகும்! இதை யாரும் கேட்கவே இல்லை, நன்றி அண்ணா. பிரிட்ஜ்தான் என்று ஆகிவிட்டால் இடையில் போடும் டெம்பரரி (தற்காலிக பிரிட்ஜ்), பிறகு சுத்தம் செய்வது எல்லாம் எப்படி? அம்மா முறுக்கும் முருங்கைக்காய் சாம்பாரும் இல்லாமல் இருக்க மாட்டார்.

ஈறு_பராமரிப்பு

டெம்பரரி ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். அதை வேண்டுமென்றே லேசான சிமென்டில்தான் ஒட்டுவார்கள். கமர்கட், கடலை மிட்டாய் ஆகாது, அப்படியே பிடுங்கிக்கொண்டு வரும். விழுந்தால் ஃபெவிக்விக் போட்டு ஒட்டாமல் மறுநாளே போங்கள். டெம்பரரி இல்லாமல் சில நாள் விட்டாலே ராவிய பல் நகரும், ஈறு விளிம்பின் மேல் ஏறும், பிரிட்ஜ் உட்காராது.

ஒட்டும் நாளில் கடியைப் பார்க்கும்போது மரத்துப்போன வாயோடு "சரியா இருக்கு" என்று சொல்லிவிட வேண்டாம். கலர் தாளைக் கடிக்க வைத்து, புள்ளி அந்தப் பல்லில் மட்டும் அழுத்தமாக விழுந்தால் உயரம் அதிகம் என்று அர்த்தம். தண்ணீர் விட்டுக்கொண்டு ராவி, திரும்ப பாலிஷ் செய்ய வேண்டும். பாலிஷ் செய்யாத சொரசொரப்பான ஜிர்கோனியா மேலே இருக்கும் 26ஐத் தேய்த்துவிடும்.

பிரிட்ஜுக்கு நடுவில் மேலிருந்து ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) இறங்காது. சூப்பர் ஃப்ளாஸ் என்று கேட்டு வாங்குங்கள். அதன் விறைப்பான முனையை 35க்கும் பொய்ப்பல்லுக்கும் இடையில் ஈறை ஒட்டிக் கன்னப்பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் நுழைத்து, பஞ்சுபோன்ற பகுதி வரும்வரை இழுக்க வேண்டும். பிறகு பொய்ப்பல்லின் அடியைத் துடைத்து, 35இன் பின்சுவரிலும் 37இன் முன்சுவரிலும் மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டும். தினம் ராத்திரி ஒரு தடவை. முருங்கை நார் சிக்கும் இடமும் அதுதான், குச்சியால் குத்த வேண்டாம். ஒட்டி ஒரு நாள் கழித்து முறுக்கு சாப்பிடலாம். நல்லி எலும்பும் கொட்டைப்பாக்கும் அந்தப் பக்கம் வேண்டாம்.

அம்மா விஷயத்தில் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். 37இல் நரம்பு இல்லை. அந்தப் பக்கம் சிமென்ட் விட்டுப்போய் உள்ளே சொத்தை ஓடினாலும் வலிக்காது, 35 பிடித்துக்கொண்டிருப்பதால் பிரிட்ஜும் விழாது. மாதம் ஒரு முறை 37மேல் விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். விளிம்பில் எச்சில் குமிழி விட்டாலோ, ஃப்ளாஸில் நாற்றம் வந்தாலோ உடனே போக வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒரு முறை காட்டுங்கள். சர்க்கரை இருப்பதால் ஈறையும் பார்ப்பார்கள்.

செலவு இடித்தால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் செயற்கைப் பல் பிரிவு இருக்கிறது. நாலைந்து முறை நடக்க வேண்டிவரும், காலையிலேயே போய்விடுங்கள். தனியாரில் சொல்வது பெரும்பாலும் ஒரு யூனிட் விலை. அதை மூன்றால் பெருக்கி, 37ஐ எழுப்பும் செலவும் அதில் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

பெரம்பூர்_மகள்

முதலில் 37இன் பழைய அடைப்பை எடுத்துச் சுவர் எத்தனை மி.மீ. மிச்சம் என்று அளந்து சொல்லச் சொல்கிறேன். எக்ஸ்ரேயோடு திரும்ப வருகிறேன்.