உதட்டுத் தழும்பில் ஃபில்லர் போட்டு மூணாவது நாள்: ‘ப’, ‘ம’ ஒழுங்கா வரலை, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

மைக்முன்னால் (கேள்வி, 3-ம் நாள்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

எனக்கு வயசு 36. பிறக்கும்போதே மேலுதட்டில் இடது பக்கம் பிளவு. மூணு மாசக் குழந்தையா இருந்தப்பவே தைச்சாச்சு. தையல் நல்லா ஆறிடுச்சு. ஆனா தழும்பு இருக்கிற இடத்தில் உதடு மெலிஞ்சு, சின்னதா ஒரு பள்ளம். வாயை மூடினாலும் அங்கே நூலிழை அளவுக்கு இடைவெளி நிக்கும்.

என் வேலை ஒலிப்புத்தகம் வாசிக்கிறது. ‘ப’வும் ‘ம’வும் ரெண்டு உதடும் சேர்ந்தாத்தான் பிறக்கும். எனக்கு அந்த இடைவெளி வழியா காத்து கசியும். மைக் எதையும் விடாது, எல்லாத்தையும் பிடிச்சுக்கும். பன்னிரண்டு வருஷமா மேலுதட்டை இழுத்துப் பிடிச்சே வாசிக்கிறேன். நாலு மணி நேரம் வாசிச்சா தாடையெல்லாம் வலிக்கும். அதுக்காகத்தான் இந்த முடிவு. அழகும் ஒரு காரணம், அதை மறைக்கலை.

பிளாஸ்டிக் சர்ஜன் ஒருத்தர்கிட்ட 0.6 மி.லி. ஹையலுரோனிக் ஆசிட் ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்ப ஊசியால் ஏத்தற ஜெல், போட்டுக்கிட்டேன். “தைச்ச உதட்டில் ரத்தக்குழாய் வழக்கமான பாதையில் ஓடாது, அதனால ரொம்ப மெதுவாப் போடுவேன்”னு முன்னாடியே சொல்லிட்டாங்க. போடும்போது வலி பொறுக்கிற அளவுதான். அதுக்கப்புறம்தான் பயம்.

முதல் நாள் ராத்திரி ஐஸ் கட்டியை அப்படியே உதட்டில் வச்சு அழுத்திக்கிட்டே இருந்தேன். ரெண்டாம் நாள் காலையில் எழுந்தா கண்ணாடியில் வேற யாரோ நிக்கிறாங்க. வலது பக்கம் புடைச்சிருக்கு, தழும்புப் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. கீழுதட்டுக்கு மேல மேலுதடு தொங்கற மாதிரி இருக்கு. தோல் வறண்டதால, கைப்பையில் இருந்த குளுகுளு லிப் பாமைத் தடவினேன். தீயா எரிஞ்சது, கழுவிட்டேன். இன்னைக்கு நாக்கால் தொட்டுப் பார்த்தா உள்பக்கம் மிளகு அளவுக்கு ஒரு கட்டி.

கேக்கவேண்டியது இதுதான். இந்தக் கோணல் தானா சரியாகுமா? கட்டியை அழுத்தி விடலாமா? வர்ற வியாழக்கிழமை பல் சுத்தம் பண்ண நேரம் வாங்கியிருக்கேன், போகலாமா? எப்போ வாசிக்க ஆரம்பிக்கலாம்? இப்போ ‘அம்மா’ன்னு சொன்னாக்கூட உதடு சேர்ற இடம் எனக்கே தெரியமாட்டேங்குது.

---

காட்டுமல்லி

அக்கா, கட்டி இருந்தா அழுத்தித் தேய்ச்சு விடுங்க, கரைஞ்சிடும். என் தோழி அப்படித்தான் பண்ணா, ரெண்டு நாள்ல சமமாயிடுச்சு.

---

வெள்ளைக்கோட்டு

காட்டுமல்லி, உங்க தோழிக்கு அவங்க டாக்டரே தேய்க்கச் சொல்லியிருக்கலாம். இவங்களுக்குச் சொல்லலை. போட்ட டாக்டர் வாயால் சொல்லாம யாரும் தேய்க்கக்கூடாது. ஜெல் இன்னும் இடம் பிடிக்காத நேரம் இது, அழுத்தினா வேண்டாத பக்கம் நகரும். ஊசி போட்ட துளைகளில் கிருமியும் ஏறலாம்.

நான் தோல் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ், எட்டு வருஷமா. மைக்முன்னால், உங்க கேள்விக்கெல்லாம் பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி, உதட்டில் ரத்த ஓட்டம் சரியா இருக்கான்னு தெரிஞ்சுக்க ஒண்ணு செஞ்சு பாருங்க. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, உதட்டில் ஓரிடத்தில் அஞ்சு விநாடி மெதுவா அழுத்தி எடுங்க. வெளுத்த இடத்தில் ரெண்டு விநாடிக்குள்ள பழைய நிறம் திரும்பணும். வலது, இடது, நடு, மூணு இடத்திலும் பாருங்க. நம்ம உதடு கருமையா இருந்தா வெளியே நிறம் மாறுறது சட்டுன்னு தெரியாது. உதட்டை மடிச்சு உள்பக்க ஈரத் தோலில் பாருங்க, அங்கே தெளிவாத் தெரியும். மூக்குக்குக் கீழே, மூக்கு ஓரத்தில் எல்லாம் வெளுப்போ வலைப்பின்னல் மாதிரி ஊதாக் கோடுகளோ இருக்கான்னும் நல்ல வெளிச்சத்தில் பாருங்க. வலி கூடிக்கிட்டே போகுதா, குறையுதா? பார்த்துட்டு எழுதுங்க.

---

மைக்முன்னால்

பார்த்துட்டேன். கை நடுங்கிச்சு, அதனால மூணு தடவை பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒண்ணரை, ரெண்டு விநாடியில் சிவப்பு வந்துடுது. ஊதாக் கோடு எதுவும் இல்லை. வலது ஓரத்தில் மட்டும் நகம் அளவுக்கு ரத்தக்கட்டு, நேத்து கருநீலம், இன்னைக்குப் பச்சை கலந்திருக்கு. வலி நேத்தைவிடக் குறைவு. தொட்டாத்தான் வலிக்குது.

---

வெள்ளைக்கோட்டு

நல்லது. இப்போ நிதானமாப் பேசலாம்.

ஹையலுரோனிக் ஆசிட் நம்ம உடம்பிலேயே இருக்கிற பொருள்தான். தண்ணியை இழுத்துப் பிடிச்சு வச்சுக்கிறது அதோட குணம். ஊசி குத்தின புண் வீக்கம் ஒரு பக்கம், ஜெல் தண்ணி இழுக்கிறது இன்னொரு பக்கம். ரெண்டும் சேர்ந்து ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். நீங்க இப்போ அந்த உச்சத்தில் நிக்கிறீங்க. காலையில் கூடுதலாத் தெரியறதுக்குக் காரணம் ராத்திரி மட்டமாப் படுக்கிறது. இன்னும் நாலஞ்சு நாளைக்கு ரெண்டு தலையணை வச்சு, மல்லாந்து படுங்க.

கோணல் விஷயம். தழும்புத் திசு விரிஞ்சு கொடுக்காது, சாதாரணத் தோல் விரியும். அதனால வீங்கற நேரத்தில் வலது பக்கம் புடைக்கும், இடது பக்கம் அடங்கியே இருக்கும். இந்த வாரம் கண்ணாடியில் தெரியற அளவை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. ரெண்டு வாரத்தில் வீக்கம் வடியும். நாலு வாரம் கழிச்சுத் தெரியறதுதான் உண்மையான வடிவம். முதல் ரெண்டு வாரத்தில் மிளகு, கடுகு அளவுக் கட்டி வர்றது சகஜம், பெரும்பாலும் தானாவே அடங்கும். அதுக்கு அப்புறமும் நின்னா, சிவந்து சூடா வலிச்சா, டாக்டரைப் பாருங்க. நாக்காலும் அதைத் தடவிக்கிட்டே இருக்காதீங்க.

ஐஸை நேரா வைக்கவே கூடாது. மரத்துப்போன உதட்டில் தோல் கருகினாலும் உங்களுக்கு உறைக்காது. மெல்லிய சுத்தமான துணியில் சுத்தி, பத்து நிமிஷம், அழுத்தாம, அப்புறம் எடுத்துடுங்க. நாளைக்கு மேல அதுவும் தேவைப்படாது.

வறட்சிக்கு வாசனையில்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். மத்த தோலில் இருக்கிற மாதிரி உதட்டில் எண்ணெய்ச் சுரப்பி வேலை செய்யறதில்லை, மேல்தோலும் ரொம்ப மெல்லிசு, அதான் சீக்கிரம் வறளுது. நீங்க தடவின குளுகுளு பாமில் மென்தாலோ கற்பூரமோ இருந்திருக்கும். அதெல்லாம் ஒரு மாசத்துக்குத் தள்ளி வைங்க. உதட்டை நக்கறதும் வேண்டாம். எச்சில் காயும்போது உதட்டில் இருக்கிற ஈரத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிடும். உரியுற தோலைப் பிய்க்காதீங்க. துளைகள் மூடினதும் வெளியே போகும்போது வெயிலைத் தடுக்கிற எஸ்.பி.எஃப். 30 இருக்கிற லிப் பாம் போடுங்க.

கடுமையான உடற்பயிற்சி, நீராவி பிடிக்கிறது, மது, இதெல்லாம் முதல் ரெண்டு நாளைக்கு ஆகாது. நீங்க அதைத் தாண்டிட்டீங்க. ஆனா ரத்தக்கட்டு இருக்கிறதால இன்னும் ரெண்டு நாள் சேர்த்து விட்டுடுங்க. வலிக்குப் பாராசிட்டமால். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் ரத்தக்கட்டைக் கூட்டும், நீங்களா எடுக்காதீங்க. இதயத்துக்காக டாக்டர் ஆஸ்பிரின் கொடுத்திருந்தா அதை நிறுத்தறதும் உங்க முடிவா இருக்கக்கூடாது.

பல் சுத்தம் பண்றதைக் கண்டிப்பாத் தள்ளிப்போடுங்க, ஊசி போட்ட நாளிலிருந்து குறைஞ்சது ரெண்டு வாரம். உதட்டை இழுத்துப் பிடிச்சு வேலை செய்வாங்க, ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் கலக்கும். புதுசா ஜெல் வச்ச இடத்துக்கு ரெண்டும் ஆகாது.

பேசறதுக்குத் தடையில்லை. மணிக்கணக்கா வாசிக்க ஒரு வாரம் போகட்டும்.

---

ராத்திரிப்பணி

வெள்ளைக்கோட்டு அழுத்திப் பார்க்கச் சொன்னதை யாரும் லேசா எடுத்துக்காதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

மேலுதட்டில் போட்டு ஒரு மணி நேரம் இருக்கும். மூக்குக்குக் கீழே ஒரு திட்டு, காகிதம் மாதிரி வெளுத்துச்சு. அப்புறம் அதைச் சுத்தி வலை விரிச்ச மாதிரி ஊதா நிறம். வலி நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறுது. போட்ட இடத்துக்குப் போன் பண்ணினா “ரத்தக்கட்டுதான், ஐஸ் வைங்க”ன்னாங்க. நம்பி வச்சேன். ஆறு மணி நேரம் போச்சு. தெரிஞ்ச டாக்டர் ஒருத்தருக்குப் போட்டோ அனுப்பினேன், உடனே வரச் சொன்னார். ஜெல் ரத்தக்குழாயை அடைச்சிருக்கு. ஹையலுரோனிடேஸ்ங்கிற மருந்தை ஊசியாப் போட்டார், மணிக்கொரு தடவைன்னு நாலு தடவை. அது ஜெல்லைக் கரைக்கும். ஐஸை எடுத்துப் போட்டுட்டு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்தாங்க. குளிர் பட்டா குழாய் இன்னும் சுருங்குமாம். ரத்தக்கட்டுக்கு நல்லதுன்னு நான் வச்ச அதே ஐஸ் அங்கே கெடுதல் பண்ணியிருக்கு.

மூணாம் நாள் அந்த இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்து காய்ஞ்சது. அரிசி அளவுக்கு ஒரு வடு நின்னுடுச்சு. இன்னும் தாமதிச்சிருந்தா தோலே செத்துப்போயிருக்கும்னார்.

அதனால: வெளுப்பு, வலைக்கோடு, ஏறிக்கிட்டே போற வலி, இதில் ஒண்ணு இருந்தாலும் போன்ல ஆறுதல் கேட்டுட்டு உக்காந்திருக்காதீங்க, நேரா போங்க. கண் மங்கினா, மூச்சு விடச் சிரமமா இருந்தா அவசர சிகிச்சைக்கே போங்க. போட்ட ஃபில்லர் பேரு, எத்தனை மி.லி., பெட்டியில் இருக்கிற தொகுதி எண், மூணையும் எழுதி வாங்கி வச்சுக்கோங்க. ஹையலுரோனிக் ஆசிட் வகைன்னாத்தான் அந்த மருந்து கரைக்கும். எந்த வகைன்னு எனக்கு அன்னைக்குத் தெரியலை, அதைக் கேட்டு வாங்கறதுக்கே அரை மணி நேரம் போச்சு.

---

மைக்முன்னால்

படிச்சு மனசு கனத்துப்போச்சு, ராத்திரிப்பணி. உடனே என் டாக்டரோட உதவியாளருக்குப் போன் பண்ணி மூணையும் வாங்கிட்டேன். ஃபில்லர் பெட்டி ஒட்டுச்சீட்டையே போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க.

---

சன்னல்சீட்டு

சின்ன வயசிலிருந்து உதட்டோரத்தில் கொப்புளம் வந்து வந்து போகிற ஆளா நீங்க? நான் அப்படி. அது ஹெர்பெஸ் வைரஸ், நரம்பில் ஒளிஞ்சிருக்கும், ஊசி குத்தினா எழும்பிடலாம். நான் முன்கூட்டிச் சொல்லலை, நாலாம் நாள் கொத்தா வந்துடுச்சு. அடுத்த தடவை முன்னாடியே சொன்னேன், டாக்டர் வைரஸை அடக்கற மாத்திரை ரெண்டு நாள் முன்னாலயே ஆரம்பிச்சாங்க, ஒண்ணும் வரலை. சுருசுருன்னு கூச்சம் வந்து நீர்க்கொப்புளம் தெரிஞ்சா தாமதிக்காதீங்க.

காட்டுமல்லி

நான் சொன்னது தப்புதான், மன்னிச்சிடுங்க அக்கா. வெள்ளைக்கோட்டு அக்கா, ஒரு சந்தேகம். ஊசியே இல்லாத ஒரு பேனா விக்கிறாங்களே, அழுத்தத்திலேயே ஜெல் உள்ளே போயிடுமாமே, அது ஆபத்தில்லாததா?

வெள்ளைக்கோட்டு

வாங்கிடாதம்மா. ஜெல் எவ்வளவு ஆழம் போகுது, எங்கே போய் நிக்குதுன்னு அதில் யாராலும் கட்டுப்படுத்த முடியாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-லயே அந்தப் பேனாவைப் பயன்படுத்த வேண்டாம்னு பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டிருக்கு. ராத்திரிப்பணிக்கு வந்த மாதிரி அடைப்பு வந்தா வீட்டில் கரைக்கிற மருந்து யார்கிட்ட இருக்கும்?

---

மைக்முன்னால் (16-ம் நாள்)

அன்னைக்குப் பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன், விவரமும் சொல்றேன்.

வீக்கம் அஞ்சாம் நாளிலிருந்து இறங்க ஆரம்பிச்சது. ஆறாம் நாள் உதடு முழுக்கச் செதில் செதிலா உரிஞ்சது. கையை மடியில் கட்டி வச்ச மாதிரி உக்காந்திருந்து, ஜெல்லி மட்டும் தடவினேன். ரத்தக்கட்டு மஞ்சளாகி ஒன்பதாம் நாள் மறைஞ்சது. மிளகு கடுகாகி, இப்போ நாக்குக்கே அகப்படலை. பல் டாக்டர்கிட்ட அடுத்த மாசத்துக்கு மாத்திட்டேன். உதட்டுக் கொப்புளம் எனக்கு வந்ததில்லை, சன்னல்சீட்டு, ஆனா டாக்டர்கிட்ட அதையும் சொல்லி வச்சிருக்கேன்.

வலது பக்கம் இன்னும் ஒரு மயிரிழை தூக்கல். நாலாம் வாரம் டாக்டர் பார்ப்பாங்க, அதுவரைக்கும் மேல சேர்க்கச் சொல்லிக் கேக்கப்போறதில்லை. ஜெல் பல மாசத்தில் கரைஞ்சு போகும், மறுபடியும் போடணும்னு தெரியும். போடறதா வேண்டாமான்னு அப்போ யோசிக்கலாம்.

வாசிப்பு: எட்டாம் நாள் பத்து நிமிஷம் பார்த்தேன். உதடு எங்கே சேருதுன்னு தேடித் தேடி வாசிக்கவேண்டியிருந்தது, ‘ம’ ரொம்ப நீண்டுடுச்சு. பன்னிரண்டு வருஷம் இழுத்துப் பிடிச்ச பழக்கம், உதடு இப்பவும் தானா இழுக்குது. இழுக்காம விடச் சொல்லி அதுக்குக் கத்துக்கொடுக்கணும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே வந்தேன். நேத்து அரை மணி நேரம் பதிவு பண்ணிட்டு ஹெட்போன் போட்டுக் கேட்டேன். ‘பம்பரம்’ங்கிற சொல் மூணு இடத்தில் வருது. மூணிலும் காத்து கசியலை. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தேன். தாடையும் வலிக்கலை.