ஞானப்பல் எடுத்தபின் வலி எந்த மாத்திரைக்குக் கேட்டது?

செங்கோட்டை அக்கா:
புனலூரில் கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுத்து எடுத்தார்கள். டிரமடாலும் (அபின் வகை வலிமருந்து) பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை கொடுத்து, மரப்பு விடுவதற்குள் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஆரியங்காவு வளைவில் ஆரம்பித்தது பாருங்கள், தலைசுற்றலும் குமட்டலும்! வாயில் பஞ்சு, உள்ளே தையல். வாயைத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. கண்டக்டர் சேட்டன் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டிவிட்டு ரெண்டு சீட் தள்ளிப் போய் நின்றுகொண்டார். வலி? அது ராத்திரி தன் பாட்டுக்கு வந்தது. இப்யூபுரூஃபன் 400 போட்ட பிறகுதான் அடங்கியது.

களியக்காவிளை கடைக்காரர்:
மாத்திரையைக் குறை சொல்லாதீர்கள் அக்கா. வெறும் வயிற்றோடு மலைப்பாதையில் வந்தால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாலும் வாந்திதான். எனக்குக் கொடுத்தது கெட்டோரோலாக், தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. வாய் திறக்காதவனுக்கு அதுதான் வசதி.

செங்கோட்டை அக்கா:
வெறும் வயிறு என்று யார் சொன்னது? கஞ்சி குடித்துவிட்டுத்தான் போனேன். அந்தக் கஞ்சிதான் கவரில் வந்தது.

குமுளி ஏலக்காய்:
நான் டோலோ 650, அதாவது வெறும் பாராசிட்டமால் மட்டும் போட்டேன், பாதி வலிதான் போனது. அது கிடக்கட்டும். எல்லோரும் அட்டையைப் படித்துவிட்டுப் போடுங்கள். காம்பிஃப்ளாமில் இப்யூபுரூஃபன் 400, பாராசிட்டமால் 325 மில்லிகிராம் ஏற்கெனவே இருக்கிறது. தெரியாமல் டோலோவையும் அடுக்கிக்கொண்டே போனால் கல்லீரலுக்கு ஆபத்து. பெரியவர்களுக்கே பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக், கெட்டோரோலாக் எல்லாம் ஒரே வகையறா. ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றை மேலே போடாதீர்கள். அல்சர், கிட்னிக் கோளாறு இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மற்றபடி இப்யூபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்தால் தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாகக் கேட்கும். டிரமடாலுக்கெல்லாம் போக வேண்டிய அவசியம் பலருக்கு வராது.

வாளையார் லாரி:
ஏலக்காய் அண்ணன் சொன்ன எந்த மாத்திரைக்கும் என் வலி கேட்கவில்லை. குறைந்த வலி சில நாள் கழித்துத் திரும்பி வந்தது, காதுவரை விண் விண்ணென்று தெறித்தது. பாலக்காட்டில் காட்டினேன். குழியில் ரத்தக்கட்டி நிற்காமல் எலும்பு வெளியே தெரிகிறதாம், டிரை சாக்கெட். சிகரெட் உண்டா என்று கேட்டார், நான் கூரையைப் பார்த்தேன். குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய்ச் சத்து கலந்த மருந்தைத் திணித்தார். நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் பாதி வலி போய்விட்டது. அப்புறம் ரசம் குடித்தாலும் பிரியாணி வாசம்தான்.