அர்த்தம் அனர்த்தமான கதைகள்

அனர்த்தம் என்றால் நம்ம இலங்கை மலையகத்தில் எல்லாருக்கும் மண்சரிவுதான் ஞாபகத்துக்கு வரும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்ததற்கு அப்புறம், அடைமழை பிடித்தாலே அந்தச் சொல் வயிற்றைக் கலக்கும். ஆனால் எங்கள் அப்பாயி அதை வேறு இடத்தில் சொல்லும். ஒருவர் சொன்னதை நாம் வேறாக எடுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கினால், "அர்த்தத்த அனர்த்தமாக்காத" என்று ஒரே போடு. அகராதியில் அனர்த்தத்துக்குக் கேடு, பயனின்மை என்றுதான் போட்டிருக்கும். அப்பாயி அகராதியைக் கண்டதில்லை. ஆனாலும் 'பிழையா விளங்கிக்கிறது' என்று நாம் சொல்வதில் அந்தக் காரம் இல்லை.

அக்காவைப் பெண் பார்க்க வந்த கதைக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டார் கொழும்பு. தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. "பொண்ணு வேலைக்குப் போகுதா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். எங்கள் அம்மா பெருமூச்சு விட்டுச் சொன்னது: "போறா. அந்தக் கணக்கப்பிள்ளையாலதான் போன மாசம் எம்மகளுக்குப் பேரு போச்சு."

மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கணவர் சுவரில் தொங்கிய கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன் பண்றோம்" என்று கிளம்பினார்கள். போன் வரவில்லை.

தோட்டத்து ஆட்களுக்கு இதில் விளக்கமே வேண்டாம். செக்ரோலில் (தோட்டத்து வருகைப் பதிவேட்டில்) விழுகிற நாள் கூலிதான் பேர். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். மழை நாட்களில் ஈரக்கொழுந்து என்று நிறுவையில் அந்தக் கணக்கப்பிள்ளை கழித்த கழிப்பில் அக்காவுக்கு நாலு நாள் அரைப்பேராகிவிட்டது. அம்மாவின் வயிற்றெரிச்சல் அவ்வளவுதான். அதைப் போய் அந்தக் காதுகளில் போட்டால் என்ன ஆகும்!

இரண்டு வாரம் கழித்துத் தரகர் வந்து விஷயத்தை உடைத்தபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டது. கடைசியில் தாய்மாமா அக்காவின் சம்பளத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறினார். கல்யாணம் நடந்தது. அத்தான் இன்றைக்கும் சோறு கொஞ்சம் குறைவாக விழுந்தால், "இன்னைக்கு அரைப்பேரா?" என்பார்.

*

மேலே அரைப்பேர் கதை எழுதிய தம்பிக்கு: எனக்கு நடந்தது எதிர்ப்பக்கம். நான் யாழ்ப்பாணம். ஆசிரியையாக மலையகத்தில் பண்டாரவளைப் பக்கம் வந்த புதிது. எங்கள் ஊரில் சாதாரணமாக உரையாடுவதைக் 'கதைப்பது' என்றுதான் சொல்வோம். 'பேசினார்' என்றால் ஏசினார் என்று அர்த்தம். ஒரு பிள்ளை வந்து, "டீச்சர், எங்க அப்பா நாளைக்கு வந்து பேசுறேன்னாரு" என்றது. முதல் நாள்தான் அந்தப் பிள்ளையைக் கணக்குக்காக வெளியே நிறுத்தியிருந்தேன். சரி, வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான் போகிறேன் என்று இரவு முழுக்க நித்திரை இல்லை. பதில்கூட தயார் செய்து வைத்திருந்தேன்.

காலையில் மனுசன் ஒரு கட்டு லீக்ஸும் இரண்டு கோவாவும் (முட்டைக்கோஸ்) உரப்பையில் கொண்டுவந்து நின்றார். மகள் இப்போது வீட்டில் கணக்குச் செய்கிறாளாம். லீக்ஸை எப்படிக் கழுவினால் மண் போகும் என்றும் கதைத்துவிட்டு, இல்லை, பேசிவிட்டுப் போனார்.